பிராசஸருக்குள் 32 சிற்றறைகள்: கணினியின் பதிவகங்கள் என்ன செய்கின்றன? 'சக்தி' சிப் வழியே ஒரு விளக்கம்

சென்னை: புதிய கைப்பேசி வாங்கச் செல்வோர் முதலில் கேட்கும் கேள்வி, 'ரேம் எத்தனை ஜிபி?' என்பதாகவே உள்ளது. ஆனால், அந்தக் கைப்பேசி செய்யும் கூட்டல், கழித்தல், ஒப்பீடு ஆகிய அனைத்திற்கும் களமாக இருப்பது விளம்பரங்களில் ஒருபோதும் இடம்பெறாத, சில நூறு பைட் அளவே கொண்ட ஒரு சிறிய இடம். ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்றும், தமிழில் 'பதிவகம்' என்றும் அது அழைக்கப்படுகிறது.

சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' நுண்செயலியை அடிப்படையாகக் கொண்டு, விண்வெளிப் பயன்பாட்டிற்கான 'ஐரிஸ்' என்ற சிப் உருவாக்கப்பட்டுள்ளதாக, 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னை ஐஐடியும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் (இஸ்ரோ) அறிவித்தன. அது ஒரு 64 பிட் சிப். '64 பிட்' என்ற அந்த எண்ணின் பொருளை அறிய வேண்டுமானால், பதிவகங்களை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு நாடு தனக்கென நுண்செயலியை வடிவமைக்க முற்படும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியவற்றுள் பதிவகங்களின் எண்ணிக்கையும் அகலமும் அடங்கும்.

பதிவகம் என்றால் என்ன?:

கைப்பேசியில் நாம் பதிவிறக்கம் செய்யும் 'ஆப்'பையும் தமிழில் செயலி என்றே அழைக்கிறோம். இங்கு குறிப்பிடப்படுவது அதுவன்று. 'பிராசஸர்' எனப்படும் நுண்செயலி. கணினிக்கும் கைப்பேசிக்கும் மூளையாகச் செயல்படும் சிப் இதுவே.

இந்த நுண்செயலிக்கு உள்ளேயே, கணக்கிடும் பகுதிக்கு மிக அருகில் அமைந்த சேமிப்பு அறைகளே பதிவகங்கள். ஒவ்வொரு பதிவகத்திலும் ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டுமே வைக்க முடியும். அந்த எண் 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களின் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் இலக்கமும் ஒரு 'பிட்'. 64 இலக்கங்களைத் தாங்கும் பதிவகம் 64 பிட் பதிவகம் எனப்படுகிறது. அத்தகைய பதிவகங்களைக் கொண்ட நுண்செயலி, 64 பிட் நுண்செயலி என அழைக்கப்படுகிறது.

அஞ்சறைப் பெட்டியும் கடைவீதியும்:

சமையலறையை எடுத்துக்கொண்டால் இதன் தேவை எளிதில் விளங்கும். தாளிக்கும்போது கடுகும் சீரகமும் அடுப்பருகே உள்ள அஞ்சறைப் பெட்டியிலிருந்து கைக்கு வருகின்றன. பெட்டியில் தீர்ந்துவிட்டால் அலமாரியில் உள்ள டப்பாவிலிருந்து நிரப்பிக்கொள்கிறோம். அங்கும் இல்லையெனில், சரக்கு அறைக்குச் செல்ல வேண்டும். அங்கும் தீர்ந்திருந்தால் கடைவீதிக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் இடம் பெரிதாகிறது. ஆனால், எடுத்துவரும் நேரமும் கூடுகிறது.

கணினியிலும் இதே ஏற்பாடுதான் உள்ளது. அஞ்சறைப் பெட்டியின் இடத்தில் பதிவகம் இருக்கிறது. அலமாரியின் இடத்தில் 'கேஷ்' எனப்படும் இடைநிலை நினைவகமும், சரக்கு அறையின் இடத்தில் ரேம் நினைவகமும், கடைவீதியின் இடத்தில் ஹார்ட் டிஸ்க் போன்ற நிரந்தரச் சேமிப்பும் இருக்கின்றன.

நுண்செயலி ஒரு கடிகாரத் துடிப்பிற்கேற்ப இயங்குகிறது. 1 ஜிகாஹெர்ட்ஸ் என்றால், ஒரு நொடிக்கு 100 கோடி துடிப்புகள். பதிவகத்தில் உள்ள எண் பொதுவாக ஒரே துடிப்பிற்குள் கணக்கிடும் பகுதிக்குக் கிடைத்துவிடும். அருகிலுள்ள கேஷ் நினைவகத்திற்குச் சில துடிப்புகள் தேவை. ரேம் வரை சென்று திரும்ப வேண்டுமெனில், வேகமான நுண்செயலிகளில் நூற்றுக்கணக்கான துடிப்புகள் கழிந்துவிடும். அத்தனை நேரம் காத்திருந்தால் நுண்செயலியின் வேகத்தால் பயன் இராது. ஆகவே, அடுத்த நொடித்துளியில் தேவைப்படும் எண்கள் முன்கூட்டியே பதிவகங்களுக்குக் கொண்டுவரப்படுகின்றன.

ஒரு கூட்டல் எவ்வாறு நடைபெறுகிறது?:

கடை ஒன்றின் பில் போடும் கணினி, 25 ரூபாயையும் 17 ரூபாயையும் கூட்ட வேண்டும் எனக் கொள்வோம். இரு எண்களும் ரேம் நினைவகத்தில் உள்ளன. 'சக்தி' வகை நுண்செயலியில் இந்தக் கூட்டல் நான்கு கட்டளைகளாக நிறைவேறும். முதல் கட்டளை, 25ஐ ஒரு பதிவகத்திற்குக் கொண்டுவரும். இரண்டாவது கட்டளை, 17ஐ மற்றொரு பதிவகத்திற்குக் கொண்டுவரும். மூன்றாவது கட்டளை, இரண்டையும் கூட்டி 42 என்ற விடையை மூன்றாவது பதிவகத்தில் வைக்கும். நான்காவது கட்டளை, அந்த விடையை மீண்டும் ரேம் நினைவகத்தில் எழுதும்.

இவற்றில் உண்மையான கணக்கு மூன்றாவது கட்டளை மட்டுமே. மற்ற மூன்றும் எண்களைக் கொண்டுவருவதும் கொண்டுசேர்ப்பதும்தான். எனவே, ஒருமுறை கொண்டுவந்த எண்ணை அது தேவைப்படும் வரையில் பதிவகத்திலேயே வைத்திருப்பது நிரலின் வேகத்தைக் கூட்டும். எந்த எண்ணை எந்தப் பதிவகத்தில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதை, 'கம்பைலர்' எனப்படும் மொழிமாற்றி மென்பொருள் தீர்மானிக்கிறது. மனிதர் எழுதும் நிரலை நுண்செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றுவது இதன் பணி.

தனிப்பணி கொண்ட பதிவகங்கள்:

எல்லாப் பதிவகங்களும் பொதுப் பயன்பாட்டிற்கானவை அல்ல. அடுத்து நிறைவேற்ற வேண்டிய கட்டளை நினைவகத்தின் எந்த முகவரியில் உள்ளது என்பதை 'புரோகிராம் கவுண்டர்' என்ற பதிவகம் வைத்திருக்கிறது. புத்தகத்தில் விட்ட இடத்தைக் காட்டும் அடையாளத் தாள் போன்றது இது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் இதன் மதிப்பு அடுத்த கட்டளையின் முகவரிக்கு நகர்கிறது.

ஒரு வேலையின் நடுவே வேறொரு துணை வேலைக்குச் சென்றால், முடித்தபின் எங்குத் திரும்ப வேண்டும் என்பதை மற்றொரு பதிவகம் நினைவில் வைக்கிறது. தற்காலிகத் தரவுகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ள இடத்தைச் சுட்டுவது, 'ஸ்டாக் பாயிண்டர்' எனப்படும் பதிவகம். 'சக்தி' பின்பற்றும் வடிவமைப்பில் இன்னொரு விந்தையும் உண்டு. அதன் முதல் பதிவகத்தில் எப்போதும் சுழியம் மட்டுமே இருக்கும். எந்த எண்ணை எழுதினாலும் அது மாறாது. கணினிக் கணக்குகளில் சுழியம் அடிக்கடி தேவைப்படுவதால், அதற்கென ஓர் அறையை நிரந்தரமாக ஒதுக்கியுள்ளனர்.

'தமிழ்' என்ற சொல்லுக்கு இரண்டு பதிவகங்கள்:

'சக்தி' பின்பற்றும் வடிவமைப்பில் முழு எண்களுக்கென 32 பதிவகங்கள் உள்ளன. 64 பிட் நுண்செயலியில் ஒவ்வொன்றும் 8 பைட். ஆக மொத்தம் 256 பைட் மட்டுமே.

இது எவ்வளவு சிறியது என்பதைத் தமிழைக் கொண்டே அளக்கலாம். இணையத்தில் பரவலாகப் பயன்படும் 'யுடிஎஃப்-8' முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் 3 பைட் தேவை. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் உள்ளதால், அதற்கு 15 பைட் வேண்டும். எனவே, 8 பைட் கொள்ளளவு கொண்ட ஒரு பதிவகத்தில் 'தமிழ்' என்ற சொல் முழுமையாக அடங்காது. இரண்டு பதிவகங்கள் தேவை. 32 பதிவகங்களையும் நிரப்பினாலும் 85 தமிழ்க் குறியீடுகளே கொள்ளும். நீளமான ஒரு செய்தித் தலைப்பிற்கு மேல் அதில் இடமில்லை. இருந்தும், இந்தச் செய்தியைத் திரையில் காட்டுவது வரையிலான பணிகள், இத்தகைய சிற்றறைகளின் வழியே சிறு சிறு துண்டுகளாகக் கடந்து சென்றுதான் நிறைவேறுகின்றன.

ஏன் 32 மட்டும்?:

பதிவகம் அவ்வளவு வேகமானது எனில், அதை ஆயிரக்கணக்கில் அமைக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்குத் தடையாக இருப்பது கட்டளையின் நீளம். 'சக்தி' வகை நுண்செயலியில் வழக்கமான ஒரு கட்டளையின் நீளம் 32 பிட். 'இந்தப் பதிவகத்தையும் அந்தப் பதிவகத்தையும் கூட்டி, விடையை வேறொன்றில் வை' என்று சொல்ல, ஒரே கட்டளையில் மூன்று பதிவகங்களின் எண்களைக் குறிப்பிட வேண்டும். 32 பதிவகங்களில் ஒன்றைக் குறிக்க 5 பிட் தேவை. மூன்றுக்கு 15 பிட். மீதமுள்ள 17 பிட்டில்தான், என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். பதிவகங்களை 64ஆக உயர்த்தினால் 18 பிட் அவற்றின் எண்களுக்கே போய்விடும். எஞ்சுவது 14 பிட் மட்டுமே.

மேலும், பதிவகங்கள் பெருகினால் அவற்றை இணைக்கும் கம்பித் தடங்களும் பெருகும். எடுக்கும் நேரமும் மின்செலவும் கூடும். அஞ்சறைப் பெட்டியில் ஐம்பது அறைகள் இருந்தால், தேடுவதற்கே நேரம் போய்விடும் என்பது போன்றதே இது. தற்கால வேக நுண்செயலிகள் சிப்பிற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவகங்களை மறைவாக வைத்துக்கொண்டு, வெளியே சில பெயர்களை மட்டும் காட்டுகின்றன. நிரல்களுக்குத் தெரிவது அந்தப் பெயர்கள் மட்டுமே.

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் வளர்ச்சி விளங்கும். 1971ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் 4004 நுண்செயலியில், 4 பிட் அகலம் கொண்ட 16 பொதுப் பதிவகங்கள் இருந்தன. அந்தப் பதினாறையும் ஒன்றுசேர்த்தால் 64 பிட். அதாவது, இன்றைய ஒரே ஒரு பதிவகத்தின் அளவு. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் பயின்ற இன்டெல் 8085இல் ஏ, பி, சி, டி, இ, ஹெச், எல் என ஏழு 8 பிட் பதிவகங்கள் இருந்தன. ஆய்வகத் தேர்வில் இவற்றின் பெயர்களை எழுதாத மின்னணுவியல் மாணவர் அரிது.

ஒரே நேரத்தில் பாடலும் செய்தியும்:

பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே செய்தியையும் படிக்க முடிகிறது. ஆனால், நுண்செயலியின் ஒவ்வொரு கருவிலும் உள்ள பதிவகங்கள் அதே சிலவே. இங்கு ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளம் குறுக்கிடுகிறது. ஒரு பணியை நிறுத்தும்போது, அதன் பதிவகங்களில் உள்ள எண்கள் அனைத்தையும் ரேம் நினைவகத்தில் எழுதி வைக்கிறது. பின்னர், அடுத்த பணிக்குரிய எண்களைப் பதிவகங்களில் நிரப்புகிறது. முதல் பணியின் முறை மீண்டும் வரும்போது, எழுதி வைத்த எண்கள் திரும்ப ஏற்றப்படுகின்றன. புரோகிராம் கவுண்டரின் மதிப்பும் அவற்றுள் அடங்குவதால், விட்ட இடத்திலிருந்தே பணி தொடர்கிறது. நொடிக்குப் பலமுறை நிகழும் இந்த மாற்றத்தை நம்மால் உணர முடிவதில்லை.

அகலம் போதாமல் சிதறிய ராக்கெட்:

எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட அகலம் போதாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, விண்வெளி வரலாற்றிலேயே சான்று உள்ளது. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. 40 நொடிகள் ஆவதற்குள் அது பாதையிலிருந்து விலகி, வானிலேயே வெடித்துச் சிதறியது.

ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணிக்கும் நிலைம வழிகாட்டு அமைப்பின் மென்பொருள், முந்தைய ஏரியான்-4 ராக்கெட்டிற்காக எழுதப்பட்டதாகும். கிடைமட்ட வேகத்துடன் தொடர்புடைய ஒரு 64 பிட் எண்ணை, 16 பிட் முழு எண்ணாக மாற்ற அது முயன்றது. 16 பிட் அளவில் குறி கொண்ட முழு எண்ணின் உச்சவரம்பு 32,767 மட்டுமே. புதிய ராக்கெட்டின் வேகம் அதிகமாக இருந்ததால் மதிப்பு அந்த வரம்பைத் தாண்டியது. முதன்மை அமைப்பும், அதே மென்பொருளைக் கொண்ட மாற்று அமைப்பும் அடுத்தடுத்துச் செயலிழந்தன. எண்ணின் அகலத்தைக் கவனியாத ஒரே ஒரு வரியின் விலை அது.

அகலம் குறித்த கவலை நம் கைகளில் உள்ள கருவிகளுக்கும் பொருந்தும். 32 பிட் அளவில் சுட்டக்கூடிய நினைவக முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. அதாவது 4 ஜிபி. அதற்கு மேற்பட்ட ரேம் கொண்ட கைப்பேசிகள் 64 பிட்டிற்கு மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதேபோன்று, 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி, 32 பிட் எண்ணாக நேரத்தைக் குறிக்கும் பழைய மென்பொருள்கள், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் வரம்பை எட்டும். நேரத்தை 64 பிட் எண்ணாகக் குறிப்பதே இதற்குத் தீர்வு.

விண்வெளியில் புரளும் ஒரு பிட்:

விண்வெளியில் மற்றோர் ஆபத்தும் உண்டு. புவியில் வளிமண்டலமும் காந்தப்புலமும் நம்மைப் பெருமளவு காக்கின்றன. விண்வெளியிலோ, மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் சிப்பின் மீது மோதினால், பதிவகத்தில் உள்ள 0 என்ற இலக்கம் 1ஆகப் புரண்டுவிடக்கூடும். சிப்பிற்குச் சேதம் ஏற்படாது. ஆனால், உள்ளே இருக்கும் எண் தவறாகிவிடும். புரண்டது புரோகிராம் கவுண்டரின் பிட்டாக இருந்தால், நிரல் தொடர்பில்லாத இடத்திற்குத் தாவிவிடும்.

இதைத் தடுக்கப் பல வழிகள் கையாளப்படுகின்றன. ஒரே எண்ணை மூன்று இடங்களில் வைத்துப் பெரும்பான்மையை ஏற்பது ஒன்று. பிழையைக் கண்டறிந்து திருத்தும் கூடுதல் பிட்களைச் சேர்ப்பது மற்றொன்று. குறித்த நேரத்திற்குள் நிரலிடமிருந்து பதில் வராவிட்டால், கணினியை மீண்டும் தொடங்கச் செய்யும் 'வாட்ச்டாக்' என்ற காவல் கடிகாரம் இன்னொன்று. 'ஐரிஸ்' சிப்பில் பிழையைத் தாங்கும் உள் நினைவகங்களும் காவல் கடிகாரங்களும் இடம்பெற்றுள்ளதாக, அறிவிப்பின்போது தெரிவிக்கப்பட்டது.

பதிவகம் ஓர் ஒப்பந்தம்:

எத்தனை பதிவகங்கள், அவற்றின் எண்கள் எவை, எந்தக் கட்டளை எவற்றைத் தொடலாம் என்ற விதிகளின் தொகுப்பே 'கட்டளைத் தொகுதி' எனப்படுகிறது. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையிலான ஒப்பந்தம் அது. ஒரு கட்டளைத் தொகுதிக்காக மொழிமாற்றப்பட்ட நிரல், வேறொரு தொகுதியைக் கொண்ட நுண்செயலியில் நேரடியாக இயங்காது. ஏனெனில், அந்நிரல் அழைக்கும் பதிவகங்கள் அங்கு அதே வடிவில் இருப்பதில்லை.

கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்86 தொகுதியும், கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் தொகுதியும் தனியார் நிறுவனங்களின் உடைமைகள். அவற்றைப் பின்பற்றி நுண்செயலி வடிவமைக்க, உரிமையாளரின் அனுமதி தேவை. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட 'ரிஸ்க்-ஃபைவ்' இதற்கு மாறானது. இந்தக் கட்டளைத் தொகுதியை எவரும் உரிமத் தொகையின்றிப் பயன்படுத்தலாம். 32 பதிவகங்களும், என்றும் சுழியமாக இருக்கும் முதல் பதிவகமும் இத்தொகுதியின் விதிகளே.

'சக்தி' முதல் 'ஐரிஸ்' வரை:

இந்தத் திறந்த ஒப்பந்தத்தை ஏற்று, பேராசிரியர் வீ.காமகோடி தலைமையிலான சென்னை ஐஐடி குழுவினர் 'சக்தி' நுண்செயலிகளை வடிவமைத்தனர். 2018ஆம் ஆண்டு, இக்குழு வடிவமைத்த முதல் சிப் அமெரிக்காவில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்டு, அதில் லினக்ஸ் இயங்குதளம் இயங்கியது. அதே ஆண்டில், சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் (எஸ்சிஎல்) 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் மற்றொரு சிப் தயாரானது. 2020ஆம் ஆண்டு 'மௌஷிக்' என்ற சிப் வெளிவந்தது. காமகோடி தற்போது சென்னை ஐஐடியின் இயக்குநராக உள்ளார்.

இதன் தொடர்ச்சியாக உருவானதே 'ஐரிஸ்'. இதற்கான திட்டத்தை முன்வைத்தது, திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோவின் நிலைம அமைப்புகள் பிரிவு. ஏரியான்-5 ராக்கெட்டில் தவறிழைத்ததைப் போன்ற வழிகாட்டு அமைப்புகளை இந்திய ராக்கெட்டுகளுக்காக உருவாக்கும் பிரிவு இதுவே. சிப்பின் வடிவமைப்பில் சென்னை ஐஐடியும் இப்பிரிவும் இணைந்து பணியாற்றின. சண்டிகரில் சிப் தயாரிக்கப்பட்டது. கர்நாடகத்தில் உள்ள டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உறையிடப்பட்டது. அதற்கான மின்சுற்றுப் பலகை குஜராத்தில் தயாராகி, சென்னையில் பொருத்தப்பட்டது.

தனி வழியில் 'விக்ரம்':

இஸ்ரோ வேறொரு பாதையிலும் பயணித்து வருகிறது. 2009ஆம் ஆண்டு முதல் இந்திய ராக்கெட்டுகளில் 'விக்ரம் 1601' என்ற 16 பிட் நுண்செயலி பயன்பட்டு வருகிறது. அதன் அடுத்த தலைமுறையாக, விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் எஸ்சிஎல் நிறுவனமும் 'விக்ரம் 3201' என்ற 32 பிட் நுண்செயலியை உருவாக்கின. இதன் தொடக்கநிலை சிப், பிஎஸ்எல்வி-சி60 பயணத்தின்போது விண்வெளியில் சோதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் மாதம் டெல்லியில் நடைபெற்ற 'செமிகான் இந்தியா' மாநாட்டில், இந்தச் சிப் பிரதமர் நரேந்திர மோடியிடம் வழங்கப்பட்டது.

'விக்ரம்' பின்பற்றுவது இஸ்ரோவின் சொந்தக் கட்டளைத் தொகுதி. எவருடைய அனுமதியும் தேவையில்லை என்பது இதன் வலிமை. ஆனால், அந்தப் பதிவகங்களை அறிந்த கம்பைலர் வெளியுலகில் இல்லை. எனவே, 'ஏடா' நிரல் மொழிக்கான கம்பைலர் உள்ளிட்ட மென்பொருள் கருவிகளை இஸ்ரோவே உருவாக்க நேர்ந்தது. 'சக்தி'யோ, ரிஸ்க்-ஃபைவ் தொகுதிக்கென உலகெங்கும் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ள கம்பைலர்களையும் லினக்ஸையும் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது.

இரு பாதைகளும் காட்டுவது ஒன்றையே. நுண்செயலியில் தன்னிறைவு என்பது சிப்பை உள்நாட்டு ஆலையில் தயாரிப்பதோடு முடிவதில்லை. அதற்குள் இருக்கும் பதிவகங்களின் எண்ணிக்கையையும் அகலத்தையும் விதிகளையும் எவருடைய அனுமதியும் இன்றிப் பயன்படுத்தும் உரிமையும், அந்தப் பதிவகங்களுக்கு ஏற்ற மென்பொருளும் உடன் இருக்க வேண்டும். அடுத்த முறை, 'இது 64 பிட் சிப்' என்ற அறிவிப்பைக் காண்போர், அந்த எண் குறிப்பது நினைவகத்தின் அளவையோ வேகத்தையோ அன்று, அதனுள் இருக்கும் ஒவ்வொரு சிற்றறையின் அகலத்தையே என்பதை நினைவில் கொள்ளலாம்.